30-வது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

மாரத்தான், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) குறித்து வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே, விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறவர்கள். பதில்களும் அந்த அளவிலேயே.

அரை மாரத்தானை 1 மணி 55 நிமிடத்தில் முடித்தேன். முழு மாரத்தானை 4 மணிக்குள் முடிக்கலாம் என்று செல்போன் செயலி சொன்னது. நம்பி ஓடினேன். 30 கி.மீ. தாண்டியதும் கால் நகர மறுத்துவிட்டது. மீதியைப் பாதி நடந்து 4:38-ல் முடித்தேன். வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுகிறேன். எங்கே தவறு?
— வாசகர், ஈரோடு

செயலி போட்ட கணக்கு எளிமையானது. அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்குகிறது. 115 நிமிடத்தைப் பெருக்கினால் 4 மணி நேரத்துக்குச் சுமார் பதினான்கு விநாடி குறைவாக வரும். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அது வாரத்துக்கு 65, 70 கி.மீ. ஓடிப் பழகிய கால்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். 40 கி.மீ. ஓடுகிறவர் 2.2-ஆல் பெருக்கிக்கொள்வது நல்லது. உங்களுக்கு 4 மணி 13 நிமிடம் வருகிறது. கிலோமீட்டருக்கு 6 நிமிடம். நீங்கள் ஓட முயன்றதோ 5:41. அந்த 19 விநாடி முதல் 25 கி.மீ. வரை ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 42.2 கி.மீ. ஓட சுமார் 2,950 வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக, அதாவது சேமித்த மாவுச்சத்தாக, வைத்திருப்பது 2,000-ஐ ஒட்டித்தான். மீதிக்குக் கொழுப்பு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். அதனால்தான் 19 விநாடி அவசரத்துக்கு 30 கி.மீ.க்கு மேல் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளத்தை நிரப்ப ஓட்டத்தின்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். ஓட்டக்காரர்கள் பிழிந்து விழுங்கும் பசை போன்ற ஜெல் பொட்டலம் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் ஜெல்லை 35-வது நிமிடத்தில் எடுங்கள். அதன் பிறகு அரை மணிக்கு ஒன்று. பலரும் செய்வது, களைப்பு வரட்டும் என்று 25 கி.மீ. வரை பையிலேயே வைத்திருப்பது. அந்த நேரத்தில் வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்திருக்கும். உள்ளே போனது செரிக்காமல் குமட்டும். ஜெல் பிடிக்காதவர்கள் கொட்டை நீக்கிய சின்ன பேரீச்சம்பழம் மூன்று, அல்லது நடுத்தர ரஸ்தாளி ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கடலைமிட்டாய் வேண்டாம். கடலையில் கொழுப்பு இருக்கிறது, மெல்லவும் வேண்டும், மூச்சு வாங்கும்போது புரையேறும். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டங்களில் நாலைந்து முறை சாப்பிட்டுப் பழகியதாக இருக்கட்டும். பந்தயத்துக்கு முன் நடக்கும் எக்ஸ்போ கண்காட்சியில் இலவசமாகக் கொடுத்த புது ஜெல்லைப் பந்தயத்தில் பிரிக்காதீர்கள்.

பயிற்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். வாரநாளில் ஒன்று 14 முதல் 16 கி.மீ. நடுத்தர ஓட்டமாகட்டும். மொத்தம் 55-ஐத் தொடும். 30, 32 கி.மீ. ஓட்டம் இரண்டு அல்லது மூன்று முறை ஓடினால் போதும். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எந்த நீள ஓட்டமும் வேண்டாம். அதற்கு மேல் கிடைக்கிற பலனைவிட, தேறி வர ஆகும் நாட்கள் அதிகம். கடைசி நீள ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு. பிறகு தூரத்தை முதல் வாரம் கால் பங்கும், அடுத்த வாரம் பாதியும் குறையுங்கள். பந்தய வாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். வேகத்தைக் குறைக்க வேண்டாம், தூரத்தை மட்டும்.

அடுத்த முறை முதல் 10 கி.மீ.யை, கிலோமீட்டருக்கு 6:10 என்ற வேகத்தில் ஓடுங்கள். மும்பை போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெடர் சாலை ஏற்றம் திரும்பும் வழியில், 30 கி.மீ.க்கு மேல் வருகிறது. கடற்பாலத்தில் காற்று வாங்கியபடி பறந்தவர்கள் அங்கேதான் நடப்பார்கள்.

என் கைக்கடிகாரம் 42.7 கி.மீ. காட்டியது. பாதையை நீளமாக அளந்துவிட்டார்களா?
— வாசகர், மதுரை

இல்லை. முறையாகச் சான்று பெற்ற பாதையை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நீங்கள் வளைவுகளின் வெளி ஓரமாகவும், தண்ணீர் மேசைக்கு ஒதுங்கியும், ஆட்களைச் சுற்றியும் ஓடியிருப்பீர்கள். மேம்பாலத்தின் அடியில் ஜி.பி.எஸ். தடுமாறியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. சரியாக 4 மணி நேரம் வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு 5:41 என்று கணக்குப் போடுவீர்கள். கடிகாரம் 42.6 அளக்கப்போகிறதென்றால் அதில் 5:38 தெரிய வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் லேப் பொத்தானைக் கையால் அழுத்துவது இன்னும் நம்பகமானது.

"தாகம் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு மேசையிலும் குடி" என்றார் குழுவில் மூத்தவர். அப்படியே செய்தேன். நாலரை மணி நேரத்தில் விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது; தலைவலி, வாந்தி. வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் ஓடும் முன் இருந்ததைவிட 1 கிலோ கூடுதல். நீர்ச்சத்து குறைந்ததாலா?
— வாசகி, திருச்சி

நேர் எதிர். தண்ணீர் அதிகமாகி இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதன் அறிகுறிகள் அவை. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும். மெதுவாக ஓடுகிறவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். குழப்பமான பேச்சோ வலிப்போ வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் "பாவம், தண்ணீர் கொடு" என்று வாயில் ஊற்றுவதும், சோடியம் பார்க்காமல் சலைன் ஏற்றுவதும் நிலைமையை மோசமாக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டுத் தராசே சொல்லும். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்தபட்ச உடையில் எடை பாருங்கள். பந்தய வேகத்தில், பந்தய நேரத்து வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 68.0 கிலோ 66.6 ஆகியிருக்கிறது, இடையில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், வியர்வை மணிக்கு 1.9 லிட்டர். இதைக் கேட்டதும் மணிக்கு 1.9 லிட்டர் குடிக்கக் கிளம்பாதீர்கள். ஓடும்போது வயிறு ஏற்பது மணிக்கு 800 மி.லி.யிலிருந்து ஒரு லிட்டர் வரைதான். மீதி உள்ளேயே குலுங்கும். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்து முடிப்பதில் கேடு ஒன்றுமில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவன அளவில் தயாரான ஓ.ஆர்.எஸ். பொடியில் லிட்டருக்கு 75 மில்லிமோல், அதாவது 1,725 மி.கி. சோடியம் இருக்கிறது. சர்க்கரை 13.5 கிராம்தான். உப்புக்கு அது போதும், எரிபொருளுக்குப் போதாது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மி.லி. பாட்டிலில் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அடர்த்தி குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கில் விடும். கடையில் பழச்சாறு போல டப்பாவில் விற்பதை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்குவதும் இதே கதைதான்: சர்க்கரை ஏராளம், சோடியம் கொஞ்சம்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர், சர்க்கரை 60 கிராம், உப்பு 2 கிராம், ஒரு எலுமிச்சைச் சாறு. இதில் சுமார் 790 மி.கி. சோடியம் வரும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டு, வடிகட்டி, சுக்கு தட்டிப் போட்டால் கோயில் பானகம்தான்; அதைவிட நல்ல பந்தய பானம் கடையில் கிடைப்பது அரிது. கரண்டியால் அளக்காமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்தபின் உப்பு போட்ட மோரோடு அது ஜோராக இருக்கும். ஓடும்போது அதை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொன்று. அதிகமாகக் குடித்துவிட்டு உப்பு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. குடிப்பதைக் குறைப்பதுதான் வழி.

வலி வராமலிருக்க பந்தயத்துக்கு முன்பே ஒரு ஐபுபுரூஃபென் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், திருப்பூர்

கூடாது. நீர் குறைந்து சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும் நேரத்தில் அந்த மாத்திரை இருக்கிற ஓட்டத்தையும் சுருக்கும். உடம்பு தண்ணீரை வெளியேற்றுவதையும் தடுக்கும். மேலே சொன்ன சோடியம் சிக்கலுக்கு நேர் வழி. டைக்ளோஃபெனாக்கும் இதே ரகம். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத வலி என்றால் அன்றைக்கு ஓட வேண்டாம்.

கோவாவில் நடக்கும் 70.3 அயர்ன்மேனுக்கு (மொத்தம் 70.3 மைல் டிரையத்லான்) பதிவு செய்திருக்கிறேன். நீச்சல் குளத்தில் 2 கி.மீ.யை 48 நிமிடத்தில் நீந்துகிறேன். கடலில் ஒரு முறை இறங்கியதும் மூச்சு முட்டி, 50 மீட்டரில் திரும்பிவிட்டேன். தேறுவேனா?
— வாசகர், கோயம்புத்தூர்

நேரக் கணக்கில் தேறுவீர்கள். 1.9 கி.மீ. நீச்சலுக்குத் தரும் கெடு வழக்கமாக 1 மணி 10 நிமிடம். நேராகப் போகத் தெரியாமல் பத்து சதவீதம் கூடுதலாக நீந்தினாலும் 50 நிமிடத்தை ஒட்டி முடியும். உப்பு நீர் உங்களைத் தூக்கியும் பிடிக்கும்.

சிக்கல் மூச்சில். பதற்றத்தில் எல்லோரும் காற்றை உள்ளே இழுக்கத்தான் பார்ப்பார்கள். வெளியே விடுவதில்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போது இன்னும் இழுக்க முயன்றால் மூச்சு முட்டத்தான் செய்யும். முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயத்தன்று தண்ணீரில் இறங்கி முகத்தை நனைத்து, இருபது முறை குமிழி விட்டுவிட்டு நில்லுங்கள். கூட்டத்தின் நடுவே வேண்டாம். ஓரமாகப் பின்னால் புறப்படுங்கள். முதல் 200 மீட்டர் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக. பதறினால் மல்லாந்து மிதக்கலாம், உதவிப் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை விதிமீறல் ஆகாது.

கடலுக்குப் போகாமலே குளத்தில் பழகக்கூடியவை நிறைய. கண்ணை மூடிக்கொண்டு எட்டு வீச்சு நீந்துங்கள். எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஆறு முதல் பத்து வீச்சுக்கு ஒரு முறை, கண் மட்டும் நீருக்கு மேல் வரும்படி முன்னால் பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் எடுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து வேகம் செத்துவிடும். நண்பர்கள் இருவரை ஒரே தடத்தில் உரசிக்கொண்டு நீந்தச் சொல்லுங்கள். சுவரைத் தொடாமல் திரும்பிப் பழகுங்கள். குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு முறை சுவர் தரும் ஓய்வு கடலில் கிடையாது.

கடல் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். மெரினாவில் வேண்டவே வேண்டாம், அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் ஆண்டுதோறும் உயிர் குடிக்கிறது. உயிர்காப்பாளரும் படகும் உள்ள குழுவோடு, பளிச்சென்ற நிறத் தொப்பியும் இடுப்பில் மிதவையும் கட்டிக்கொண்டு இறங்குங்கள். ஜெல்லி மீன் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். கடைசியாக, நீந்தும்போது மூச்சு வாங்கி, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் அது பயம் அல்ல, நுரையீரலில் நீர் கோர்ப்பது. கையை உயர்த்தி அப்போதே வெளியேறுங்கள்.

நியோப்ரீன் உடைக்குச் செலவு செய்ய வேண்டாம். நீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அதை அணிந்து பரிசுக்குப் போட்டியிட முடியாது. கோவாக் கடலின் வெதுவெதுப்பில் அது தேவையும் இல்லை.

சைக்கிள் பகுதியில் ஒரு பஞ்சர் 20 நிமிடத்தைத் தின்றது. புது ட்யூப் போட்டு 2 கி.மீ. போனதும் மறுபடி பஞ்சர். ட்யூப் மட்டமானதா?
— வாசகர், சேலம்

ட்யூப் மேல் பழி வேண்டாம். முதல் பஞ்சருக்குக் காரணமான முள்ளோ கம்பியோ டயருக்குள்ளேயே இருந்திருக்கும். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி நிறைய கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வீட்டில் டயர் மாட்டும்போதே, டயரில் உள்ள கம்பெனி முத்திரை வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். இது அழகுக்காக அல்ல. ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் முத்திரையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தேடினால் போதும். பின்சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். லீவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, ட்யூபை உருவி, கொஞ்சம் காற்றடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள். இரண்டு துளை அடுத்தடுத்து என்றால், காற்று குறைவாக இருந்து குழியில் விழும்போது ரிம் நசுக்கியது. உள்பக்கம் துளை என்றால் ரிம் டேப் விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பத்து ட்யூப் போட்டாலும் போகும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்.

புது ட்யூபில் உருண்டையாகும் அளவு காற்று வைத்துக்கொண்டு மாட்டுங்கள். டயரை ஏற்றும் வேலையை வால்வு அருகில் முடித்து, வால்வை ஒரு முறை உள்ளே அழுத்தி விடுங்கள். பிறகு சுற்றிலும் இரு பக்கமும் டயரைத் திறந்து, ட்யூப் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இதைத் தவிர்க்கிறவர்களுக்குத்தான் காற்றடித்த ஐந்தாவது விநாடி பட்டாசு சத்தம் கேட்கும். 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி 25 மி.மீ. டயருக்குப் போதும். கையுறையோடு பிடியுங்கள், உறைந்துபோகும். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசியும் என்பதால் மறுநாள் சாதாரணக் காற்று மாற்றிவிடுங்கள். குப்பியை விமானத்தில் கொண்டுபோகலாம் என்று நம்பாமல், போன ஊரில் வாங்குங்கள். கூடவே சின்ன கைப்பம்பும் இருக்கட்டும். ஆழமான ரிம் என்றால் வால்வின் நீளமும் அதற்கேற்ப வேண்டும். 50 மி.மீ. ரிம்முக்கு 48 மி.மீ. வால்வு வாங்கி வைத்திருந்தால் நடுரோட்டில்தான் தெரியும்.

70 கிலோ எடைக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 85 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை ஏற்றினால் வேகம் கூடாது, கை மரத்துப்போகும். பின்சக்கரத்தை ஏழு நிமிடத்தில் மாற்ற வரும்வரை வீட்டில் பழகுங்கள்.

சைக்கிளில் முன்னால் போகிறவர் பின்னால் ஒட்டிப் போகக் கூடாதாமே. எவ்வளவு தள்ளி?
— வாசகர், புதுச்சேரி

அயர்ன்மேன் விதியில் அமெச்சூர் வீரர்களுக்கு 12 மீட்டர். அவர் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் வரை. உள்ளே நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். உங்களை ஒருவர் முந்தினால் பின்வாங்க வேண்டியது நீங்கள். மீறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். ஹெல்மெட் கொக்கியை மாட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தாலும், ஜெல் உறையைச் சாலையில் வீசினாலும் தண்டனை உண்டு.

வயது 29. ஓராண்டாக முழு மாரத்தானுக்குப் பயிற்சி. 6 கிலோ குறைந்தேன். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. "நல்ல பயிற்சியின் அடையாளம், கவலைப்படாதே" என்கிறார் பயிற்சியாளர்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கவலைப்பட வேண்டிய அடையாளம். மூன்று மாதம் நின்றாலே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் இவற்றை முதலில் பரிசோதிப்பார்கள். அவை இல்லையென்றால் பெரும்பாலும் காரணம், செலவுக்குத் தக்க சாப்பாடு இல்லாததுதான். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதை ரெட்-எஸ் என்று பெயரிட்டு விளக்கியது. சத்து போதாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது கருவுறும் ஏற்பாட்டை. ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு நலிகிறது. கீழ்க்காலில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி இருந்தால் ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். அது எலும்பு விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும்.

கணக்கு இப்படி: 52 கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வைப்போம். கிலோவுக்கு 45 கிலோகலோரி வீதம் 1,800. காலையில் 15 கி.மீ. ஓடினால் அதற்கு ஒரு 780. மொத்தம் 2,600-ஐ ஒட்டி. ஓடிவிட்டு இரண்டு இட்லியோடு அலுவலகம் கிளம்பினால் இதில் பாதிகூட எட்டாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சரியான காலை உணவு, பால் அல்லது முட்டை, மதியம் குறைக்காத சோறு. ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கைக் கொண்டு சரியாகிவிட்டதாக எண்ணாதீர்கள், அது மாத்திரையின் வேலை. பயிற்சியாளரை மாற்றுவது பற்றியும் யோசியுங்கள்.

விடியற்காலை நாலரை மணிக்கு ஓடும்போது தெருநாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர்

ஓடுவதை நிறுத்தி நடங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். பெரும்பாலும் அவற்றின் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும். குட்டி போட்ட நாய் இருக்கும் தெருவை இரண்டு மாதம் தவிர்த்துவிடுங்கள்.

கடித்துவிட்டால், பல் லேசாகக் கீறியிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே தடுப்பூசி. தசையில் போடும் ஊசி என்றால் முதல் ஊசி நாளை 0 எனக் கொண்டு 0, 3, 7, 14, 28-வது நாட்கள். தோலில் போடுவது என்றால் 0, 3, 7, 28. அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஞாயிறு நீள ஓட்டத்தை விட்டுவிடலாம்.

தொடை உரசிப் புண்ணாகிறது. வாசலின் 10 கி.மீ. வரைதான் தாங்குகிறது.
— வாசகர், நாகர்கோவில்

முழங்காலுக்கு மேல் வரை இறுக்கமான டைட்ஸ் அணிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். வாசலினை ஈரத் தோலில் தடவினால் நிற்காது. துடைத்து, உலர்ந்த தோலில் தடித்த பூச்சாக வையுங்கள். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது முன்னே குனிந்து ஊற்றுங்கள், கால்சட்டைக்குள் இறங்காது. ஆண்கள் முலைக்காம்பில் மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம், ஓட்டம் முடிந்து குளிக்கும்போது நனைத்துவிட்டு உரியுங்கள்.